சுவரில் இருந்த கோடு: சென்னையின் முன்யோசனை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மடிப்பாக்கத்தில் 24 வீடுகள் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் 2004-லிருந்து இருக்கிறேன். நடுவில் நான்கு வருடம் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளராகவும் இருந்தேன். 2015 வெள்ளம், 2019 தண்ணீர்ப் பஞ்சம், 2023 மிக்ஜாம் புயல் மூன்றையும் இதே வீட்டிலிருந்துதான் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் சங்கக் கூட்டத்திலும் டீக்கடையிலும் மளிகைக்கடை வாசலிலும் அதே கேள்விகள் வருகின்றன. தண்ணீர் வடிந்த பத்தாம் நாள் கேள்விகளும் வடிந்துவிடுகின்றன. அதனால்தான் வானம் வெளுத்திருக்கும் நேரத்தில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த பதில்களை எழுதி வைக்கிறேன்.

தலைப்பில் சொல்லும் கோடு எது?

2015 டிசம்பர் 1 இரவு தெருவில் கணுக்கால் அளவு இருந்த தண்ணீர், மறுநாள் காலை எங்கள் கார் நிறுத்துமிடத்தில் மார்பளவுக்கு வந்துவிட்டது. வடிய நான்கு நாள் ஆனது. அப்போது எங்களிடம் காவலாளியாக இருந்தவர் விழுப்புரம் பக்கத்துக்காரர். கேட்டுக்கு அடித்து மிச்சமிருந்த சிவப்பு பெயின்ட்டை எடுத்து, காம்பவுண்டுச் சுவரில் சேறு காய்ந்து நின்ற இடத்தில் ஒரு கோடு இழுத்தார். பக்கத்திலேயே 2-12-15 என்று எழுதினார். தரையிலிருந்து சுமார் நாலரை அடி. "நாளைக்குச் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க சார்" என்றார்.

2018-ல் கட்டடம் முழுக்க பெயின்ட் அடித்தோம். "இந்தக் கோட்டை விட்டுடவா, அடிச்சிடவா?" என்று பெயின்டர் கேட்டார். "வீடு பார்க்க வர்றவங்க பயந்துடுவாங்க, அடிச்சிடுங்க" என்று கூட்டத்தில் ஒரு குரல். நானும் அங்கேதான் நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை.

2023 டிசம்பர் 4 காலை தண்ணீர் அந்த இடத்துக்கு ஒரு சாண் கீழே வந்து நின்றது. அதற்குள் 24 வீடுகளில் ஒன்பது கைமாறியிருந்தன. இரண்டாம் மாடிக்குப் புதிதாக வந்திருந்த பையன், மூழ்கிக் கிடந்த தன் காரைப் பார்த்தபடி, "இங்க இவ்வளவு தண்ணி வரும்னு ஒருத்தர்கூடச் சொல்லலையே சார்" என்றான். அந்தப் பையனுக்கு என்னிடம் பதில் இல்லை. சொல்வதற்கென்று இருந்த ஒரே ஒரு கோட்டையும் நாங்களே அழித்திருந்தோம்.

தெரியாமல்தான் இப்படி மாட்டிக்கொள்கிறோமா?

தெரிந்துதான் மாட்டிக்கொள்கிறோம். சென்னையின் ஆண்டு மழை சராசரியாக 140 செ.மீ. அதில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்றே மாதத்தில், அதிலும் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். ஊரோ தட்டையானது, பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரம்தான். கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு மூன்றும் கிழக்கே ஓட, பக்கிங்காம் கால்வாய் அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. கடல் ஏற்றமாக இருக்கும் நேரத்தில் முகத்துவாரத்தில் தண்ணீர் எதிர்த்து நிற்கும். இதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம்.

ஊர்ப் பெயர்களே நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. தாங்கல் என்றால் நீரைத் தாங்கி நிற்கும் சிறு ஏரி. பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்று தினமும் பஸ்ஸில் டிக்கெட் கேட்கிறோம். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. அங்கே நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் ஏரி கிடையாது. 1920-களில் அந்த நீண்ட ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் உருவானது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில்தான் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. மழைத் தண்ணீர் நம் வீட்டுக்குள் வரும்போது வழி தவறி வரவில்லை, பழைய வழியில்தான் வருகிறது.

"2015-ல் பெய்தது நூறு வருடத்துக்கு ஒருமுறை வரும் மழை. இனி நம் காலத்தில் வராது" என்கிறார்களே?

நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பெரிய ஆறுதலாக இருப்பதால்தான் இவ்வளவு பரவியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

"நூறு வருடத்துக்கு ஒருமுறை" என்றால், ஒருமுறை வந்தபின் 99 வருடம் ஓய்வு என்று அர்த்தமில்லை. எந்த ஒரு வருடத்திலும் அது வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதுதான் பொருள். இந்த வருடம் வந்தாலும் அடுத்த வருடம் அதே நூற்றில் ஒரு பங்கு. இதை உங்கள் வீட்டுக் கடனோடு சேர்த்துப் பாருங்கள். 20 வருடக் கடன் வாங்கியிருக்கிறீர்கள். அந்த 20 வருடத்துக்குள் ஒரு தடவையாவது அந்த மழை வர 18 சதவீதம் வாய்ப்பு. ஐந்தில் கிட்டத்தட்ட ஒரு வாய்ப்பு. டாக்டர் ஒருவர் இந்த எண்ணிக்கையைச் சொன்னால் அன்றைக்கே மருந்துக் கடைக்கு ஓடுவோம்.

இந்தக் கணக்குகூடப் பழைய மழையை வைத்துப் போட்டது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். பெய்யும்போது அதையும் சேர்த்துப் பெய்யும். 2015 நவம்பரில் மட்டும் சென்னையில் 100 செ.மீ.க்கு மேல் பதிவானது. அதற்கு மேல் டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. எட்டு வருடம் கழித்து மிக்ஜாம். நடுவில் 2021 நவம்பரிலும் தி.நகர் தெருக்களில் படகு ஓடியது. நூறு வருடம் என்ற சொல்லை இனிமேல் ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

2015-ல் மூழ்கிய ஊரில் 2019-ல் தண்ணீர் இல்லாமல் போனது எப்படி?

தண்ணீரை விருந்தாளி மாதிரி வழியனுப்பி வைப்பதால்.

கணக்கு இதுதான். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் நிரம்பினால் சுமார் 11.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கனஅடி). 2020-ல் திறந்த கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகையில் இன்னும் அரை டிஎம்சி. நகரத்துக்கு ஏறக்குறைய மாதம் ஒரு டிஎம்சி தேவை. அதாவது எல்லா ஏரியும் தளும்பி நின்றாலும் நம் கையில் இருப்பது ஒரு வருடத் தண்ணீர்தான், அதிலும் வெயில் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ஒரு வடகிழக்குப் பருவமழை காலை வாரினால் அடுத்த கோடையில் திண்டாட்டம். 2018-ல் மழை பொய்த்தது. 2019 ஜூனில் நான்கு ஏரியும் வெடித்துக் கிடந்தன.

அந்த ஜூன் மாதத்தை நான் மறக்கவில்லை. ஓட்டல்கள் மதியச் சாப்பாட்டை நிறுத்தின. ஐடி கம்பெனிகள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னன. எங்கள் குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு நாளைக்கு ஆறு குடம் என்று முறை வைத்தோம். காலை ஐந்தரைக்கு சம்ப் என்னும் தரையடித் தொட்டியின் மூடியைத் திறந்து, கயிறு கட்டிய வாளியால் இறைத்துக் கொடுத்தோம். ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீரோடு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்தது. மாலை போட்டு வரவேற்றார்கள். வாட்டம் தீர்க்க வந்த தண்ணீர்தான், குறை சொல்லவில்லை. ஆனால் குழாயில் வந்த குறைந்தபட்ச விநியோகமே அப்போது நாளைக்கு 50 கோடி லிட்டருக்கு மேல். ரயில் எடுத்துவந்தது சமுத்திரத்தில் ஒரு செம்பு.

2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து மட்டும் விநாடிக்கு 29,000 கனஅடி அடையாற்றில் விட்டார்கள். அந்த அளவில் பத்து மணி நேரம் போனாலே ஒரு டிஎம்சி. ஒரு மாதத் தண்ணீர் ஒரே இரவில் கடலுக்குப் போனது, போகிற வழியில் உயிர்களையும் வீடுகளையும் எடுத்துக்கொண்டது. மேலே ஏரிகளும் குளங்களும் தூர்ந்து போகாமல், வாய்க்கால்கள் அடைபடாமல் இருந்திருந்தால் அதில் ஒரு பங்காவது தங்கியிருக்கும்.

முன்னோர்கள் மட்டும் எப்படிச் சமாளித்தார்கள்?

பஞ்சம் அவர்களையும் வாட்டியது. எல்லாம் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். ஒரு விஷயத்தை மட்டும் அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம்.

சென்னையிலிருந்து சுமார் 90 கிலோமீட்டரில் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து, 10-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. குடவோலை என்றதும் தேர்தலைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பாருங்கள்: ஏரி வாரியம் என்று தனியாக ஒரு வாரியம். ஏரியைப் பார்த்துக்கொள்வதே அவர்கள் வேலை. பதவி ஒரு வருடம். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. கரை பலமாக இருக்கிறதா, மதகு திறக்கிறதா, உபரிநீர் வெளியேறும் கலங்கல் வழி அடைபடாமல் இருக்கிறதா என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு ஆள் ஊரில் இருந்தான்.

இன்றைக்கு எங்கள் பகுதி ஏரியைப் பற்றிக் கேட்கப் போனால், கரை ஒரு துறை, தண்ணீர் ஒரு துறை, கழிவுநீர் ஒரு துறை, ஓரத்துச் சாலை ஒரு துறை. நான் ஒரு மனுவைத் தூக்கிக்கொண்டு மூன்று அலுவலகம் ஏறி இறங்கியிருக்கிறேன். எல்லா இடத்திலும் மரியாதையாகத்தான் பேசினார்கள். எல்லா இடத்திலும் "அது எங்களுது இல்லைங்க" என்றார்கள்.

அப்படியானால் அரசாங்கம்தானே காரணம்?

பெரிய பங்கு அங்கேதான். 2015 வெள்ளத்தை ஆராய்ந்த தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கையே அதை மனிதர்களால் ஏற்பட்ட பேரிடர் என்று சொன்னது. 2021 மழைக்குப் பிறகு ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரி திருப்புகழ் தலைமையில் குழு போட்டு, மழைநீர் வடிகால் வேலைகள் நடந்தன; சில தெருக்களில் தண்ணீர் முன்பைவிடச் சீக்கிரம் வடிந்ததையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

ஆனால் நாம் எதற்கு ஓட்டுப் போடுகிறோம் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆண்ட்ரூ ஹீலி, நீல் மல்ஹோத்ரா என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2009-ல் அமெரிக்கத் தேர்தல்களைப் பற்றி ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பேரிடர் வந்தபின் நிவாரணம் கொடுக்கும் ஆட்சிக்கு மக்கள் ஓட்டுப் போடுகிறார்கள். வருவதற்கு முன் தடுக்கச் செலவு செய்யும் ஆட்சிக்குப் போடுவதில்லை என்று கண்டார்கள். இத்தனைக்கும் தடுப்புக்குச் செலவிடும் ஒரு டாலர் பின்னால் சுமார் 15 டாலர் நஷ்டத்தைத் தவிர்க்கிறது என்பது அவர்கள் கணக்கு.

நம் ஊரிலும் இதே நிலைதான். மிக்ஜாமுக்குப் பிறகு குடும்பத்துக்கு 6,000 ரூபாய் நிவாரணம் வந்தது. தேவைப்பட்டவர்களுக்கு அது பெரிய உதவி, அதில் மறுபேச்சு இல்லை. அந்தத் தொகை எங்கள் தெருவில் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதே தெருவில் வடிகால் எந்த வருடம் தூர்வாரினார்கள், எவ்வளவு செலவானது என்று கேட்டுப் பாருங்கள். எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. செயலாளர் ஆன பிறகுதான் கேட்கவே தோன்றியது. வராமல் போன வெள்ளத்துக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. அது தெரிந்துதான் யாரும் அதற்கு உழைப்பதில்லை.

வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம்தானே? அது போதாதா?

2003-ல் தமிழ்நாடு அதைக் கட்டாயமாக்கியது. நாட்டுக்கே முன்மாதிரி. அடுத்தடுத்து நல்ல மழை வந்தபோது கிணறுகளில் நீர் ஏறியதைக் கண்ணால் பார்த்தோம். திட்டத்தில் குறை இல்லை.

எங்கள் குழியைத் திறந்த கதையைச் சொல்கிறேன். 2019 ஜூலை, தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்த ஒரு காலை. ஒருவர் திடீரென்று, "நம்ம பில்டிங்ல மழைநீர்க் குழி ஒண்ணு இருக்கணுமே?" என்றார். தேடினோம். ஒரு ஸ்கூட்டர் நிற்கும் இடத்துக்கு அடியில் இருந்தது. சிமென்ட் மூடியைக் கடப்பாரை போட்டு நெம்பினோம். கூழாங்கல்லும் மணலும் கரியும் அடுக்கியிருக்க வேண்டிய இடத்தில் மேலே ஒரு சாண் கெட்டிச் சேறு, அதில் புதைந்த பால் கவர்கள், யாரோ டைல்ஸ் வேலை முடித்துக் கழுவி ஊற்றிய சிமென்ட் கட்டி. மொட்டைமாடியிலிருந்து இறங்கும் குழாயைப் பார்த்தால், அது குழியை எட்டவே இல்லை. எப்போதோ குழாயின் வளைவு இணைப்பு உடைந்திருக்கிறது. பிளம்பர் ஒருவர் அதைத் தெருவைப் பார்த்துத் திருப்பிவிட்டுப் போயிருக்கிறார். எத்தனை வருடம் எங்கள் மாடித் தண்ணீரை நாங்களே தெருவுக்கு அனுப்பி, அந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று புகார் கொடுத்தோமோ!

சுத்தம் செய்ய இரண்டு ஆள், ஒன்றரை நாள். அவ்வளவுதான். கட்டாயம் என்று ஒரு சட்டம் போடலாம். வருடா வருடம் மூடியைத் திறந்து பார்க்கும் ஆளை நாம்தான் போட வேண்டும்.

எச்சரிக்கை கொடுக்கிறார்கள், மழை வரமாட்டேன் என்கிறது. எத்தனை தடவை நம்புவது?

2024 அக்டோபரில் சிவப்பு எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தின் இரண்டு பக்கமும் மக்கள் கார்களை வரிசையாக நிறுத்தினார்கள். பள்ளிக்கரணைப் பக்கமும் அப்படித்தான். ஒரு நாள் கனமழை பெய்தது. பயந்த அளவுக்கு அடுத்த நாள் பெய்யவில்லை, காற்றழுத்தம் வடக்கே நகர்ந்துவிட்டது. உடனே ஊரெல்லாம் கிண்டல்.

எனக்கு அந்தக் காரியம் மிகவும் சரியாகப் பட்டது. காரை மேலே ஏற்றி இறக்க அரை மணி நேரமும் கொஞ்சம் பெட்ரோலும். ஏற்றாமல் விட்டால் என்ஜின் போகும். பத்துத் தடவை ஏற்றி ஒன்பது தடவை வீணானாலும் லாபம்தான். புயல் எந்த இடத்தில் கரை கடக்கும் என்பதில் சில பத்து கிலோமீட்டர் மாறினால் மழை ஆந்திராவுக்குப் போய்விடும். வானிலைக்காரர்கள் பொய் சொன்னதாக ஆகாது. வராத மழைக்கு வானிலை மையத்தைத் திட்டுவதை முதலில் நிறுத்த வேண்டும். திட்டத் திட்ட, அடுத்த முறை எச்சரிக்கவே தயங்குவார்கள்.

அந்தப் பாலத்தைப் பார்த்தபோது ஒரு வருத்தமும் இருந்தது. அவரவர் காரைக் காப்பாற்றும் முன்யோசனை நமக்கு வந்துவிட்டது. தெருமுனை இஸ்திரிக் கடைக்காரரின் வண்டியை எங்கே ஏற்றுவது?

முன்கூட்டித் தயாராகி ஜெயித்த ஊர் ஏதாவது உண்டா?

ஒடிசா. 1999 சூப்பர் புயலில் அங்கே பத்தாயிரம் பேர் அளவுக்கு மாண்டுபோனார்கள். அதன்பின் கடலோரக் கிராமங்களில் புயல் பாதுகாப்பு மையங்கள் கட்டினார்கள், ஊருக்கு ஊர் தொண்டர்களைப் பழக்கினார்கள், ஒத்திகை நடத்தினார்கள். 2013-ல் பைலின் புயல் வந்தபோது சுமார் பத்து லட்சம் பேரை முன்கூட்டியே வெளியேற்றினார்கள். இறந்தவர்கள் நூறுக்கும் குறைவு. நம்மைவிட ஏழை மாநிலம் செய்த காரியம் இது.

நம் கரையிலும் ஒன்று உண்டு. 2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணியளவில் சுமத்ரா அருகே பூமி அதிர்ந்தது. சென்னையிலேயே பலர் கட்டில் ஆடியதை உணர்ந்தார்கள். அலை மெரினாவுக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த இரண்டு மணி நேரமும் பட்டினப்பாக்கத்தில் யாரோ ஒருவர் ஒலிபெருக்கி எடுத்திருந்தால் போதும். எடுக்க வேண்டியவர் என்று எவரும் நியமிக்கப்படவில்லை. 2007-ல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. இப்போது இந்தியப் பெருங்கடலில் எங்கே அதிர்ந்தாலும் சில நிமிடங்களில் தகவல் போகிறது. யாருடைய வேலை என்று முடிவானதும் வேலை நடக்கிறது.

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வந்துவிட்டன. இனி பஞ்சம் வராதல்லவா?

மீஞ்சூரில் 2010-லும் நெம்மேலியில் 2013-லும் வந்தவை நாளைக்குப் பத்துப் பத்துக் கோடி லிட்டர். நெம்மேலியிலேயே 2024-ல் இன்னொன்று, 15 கோடி. பேரூரில் 40 கோடி லிட்டருக்குக் கட்டத் தொடங்கினார்கள். நல்ல காப்பு, மழையை நம்பாத தண்ணீர். ஆனால் ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரம் தின்னும். தெருவில் மிதக்கும் இலவசத் தண்ணீரைக் கடலுக்கு அனுப்பி, உப்பாக்கி, பிறகு காசு கொடுத்து உப்பெடுத்துக் குடிப்பதை முதல் வழியாக வைத்துக்கொள்ளக் கூடாது.

பள்ளிக்கரணை சதுப்புநிலத்தைப் பற்றி ஏன் எல்லோரும் பேசுகிறார்கள்?

தென்சென்னைக்கு அது தண்ணீரை உறிஞ்சி வைக்கும் ஸ்பாஞ்ச் மாதிரி. மடிப்பாக்கம், நாராயணபுரம், கீழ்க்கட்டளை எனச் சுற்றியுள்ள ஏரிகளின் உபரிநீர் அங்கே போய் நின்று, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, தெற்கே கடலுக்குப் போகும். 1960-களில் சுமார் 5,000 ஹெக்டேர் இருந்தது. 2022-ல் முக்கியச் சதுப்புநிலங்களுக்கான சர்வதேச அங்கீகாரமான ராம்சர் கிடைத்தபோது அந்த எல்லைக்குள் இருந்தது சுமார் 1,248 ஹெக்டேர். நடுவில் பெருங்குடிக் குப்பைமேடு, சாலைகள், கல்லூரிகள், அலுவலகங்கள், எங்களைப் போன்றவர்களின் வீடுகள். நான் வாங்கிய வீடும் அந்தத் தண்ணீரின் வழியில்தான் நிற்கிறது. 2004-ல் வாங்கும்போது பத்திரத்தையும் வில்லங்கத்தையும் மூன்று தடவை சரிபார்த்தேன்; மழைக்காலத்தில் ஒருமுறை வந்து பார்க்கவில்லை.

வெள்ளமும் வறட்சியும் தெரியும். தெரியாமல் வந்துகொண்டிருப்பது எது?

முதுமை. இதைப் பற்றி யாரும் கூட்டம் போடுவதில்லை.

2020 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.4 குழந்தை. மக்கள்தொகை அப்படியே நிற்க 2.1 வேண்டும். 2021 கணக்குப்படி நூறில் கிட்டத்தட்ட 14 பேர் 60 வயதைக் கடந்தவர்கள். கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. இது இன்னும் ஏறத்தான் போகிறது, அதற்குப் பஞ்சாங்கம் பார்க்கத் தேவையில்லை. இன்றைக்கு 45 வயதிலும் அதற்கு மேலும் இருப்பவர்களை எண்ணினால் 2040-ல் எத்தனை முதியவர்கள் என்று தெரிந்துவிடும்.

மிக்ஜாமின்போது எங்கள் மூன்றாம் மாடியில் 81 வயது அம்மா ஒருவர் தனியாக இருந்தார். மகன் டொராண்டோவில். லிஃப்ட் குழியில் தண்ணீர், கரன்ட் இல்லை, போன் இல்லை. மூன்றாம் நாள் நான் மேலே போனபோது, அணைந்து கிடந்த ஃபிரிட்ஜின் கதவைத் திறக்காமல் அதன்முன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "உள்ளே இன்சுலின் இருக்குப்பா. தொறந்தா குளுமை போயிடும்னு தொறக்கவே இல்லை" என்றார். ஒரு நாளாக ஊசி போடவில்லை. எங்கள் 24 வீட்டில் யார் தனியாக இருக்கிறார்கள், யாருக்கு என்ன மருந்து என்று அன்றைக்கு ஒரு சீட்டுகூடச் சங்கத்தில் இல்லை. மண்பானையில் ஈரத்துணி சுற்றி வைத்தால் சில நாள் தாங்கும் என்று நான்காம் மாடி நர்ஸ் பெண் பிறகு சொன்னார். சொல்ல ஆள் பக்கத்திலேயே இருந்தார்.

தயாராக ஆரம்பிக்க எந்த மாதம் சரி?

சித்திரை, வைகாசி. அக்டோபரில் எலக்ட்ரீசியனும் கிடைக்க மாட்டார், பிளம்பரும் கிடைக்க மாட்டார், கிடைத்தால் கூலி இரண்டு மடங்கு.

வீடு வாங்கவோ வாடகைக்குப் போகவோ இருக்கிறேன். என்ன கேட்க வேண்டும்?

புரோக்கரிடம் கேட்காதீர்கள். தெருமுனையில் பல வருடமாகக் கடை வைத்திருப்பவரிடம், "2015-ல, 2023-ல இங்க எவ்வளவு தண்ணி நின்னுது, எத்தனை நாள்?" என்று கேளுங்கள். அவர் தன் கடை ஷட்டரிலேயே கையை வைத்துக் காட்டுவார். கட்டடத்தில் மீட்டர் போர்டு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். சம்ப் மூடி தரையோடு தரையாக இருந்தால் வெள்ளத்தில் சாக்கடை உள்ளே போகும். 2019-ல் போர்வெல் எந்த மாதம் வற்றியது என்று காவலாளியிடம் கேளுங்கள்.

எங்கள் குடியிருப்பில் எங்கிருந்து தொடங்குவது?

மீட்டர் போர்டிலிருந்து. எங்களுடையது தரையிலிருந்து மூன்றடியில் இருந்தது. 2015-ல் அது மூழ்கியதும், வடிந்த வாரமே கூட்டம் போட்டு உயர்த்த முடிவெடுத்தோம். எலக்ட்ரீசியன் 1,80,000 ரூபாய் என்றார், வீட்டுக்கு 7,500. பொங்கல் கழியட்டும் என்றார்கள். அப்புறம் பரீட்சை கழியட்டும், அப்புறம் வருடாந்திரக் கூட்டம். அடுத்த கூட்டத்தில் லிஃப்ட் உள்பக்கத்துக்கு ஸ்டீல் அடிப்பதா, கேமரா போடுவதா என்ற பேச்சு நடந்தது. போர்டு பற்றி நான்தான் எழுப்பினேன். "அந்த மாதிரி மழை இனிமே வராது சார்" என்று ஒரு பெரியவர் சொன்னார், நான் விட்டுவிட்டேன். 2023-ல் போர்டும் மோட்டாரும் லிஃப்ட்டும் போய், அந்தத் தொகையைப் போல இரண்டு பங்குக்கு மேல் பில் வந்தது. ஐந்து நாள் இருட்டு.

2024 மே மாதம் மின்வாரியத்தில் விண்ணப்பம் கொடுத்து, போர்டை ஏழடிக்கு ஏற்றினோம். ஒரே ஒரு முறையை மாற்றியதுதான் காரணம்: முடிவை எழுதும்போது எந்தத் தேதிக்குள், யார் பொறுப்பு என்று இரண்டையும் எழுதி, நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம். தேதி தாண்டினால் அந்தப் பெயர் அங்கேயே இருக்கும். இப்போது அந்தப் பலகையில் நான்கு வரிகள் இருக்கின்றன. மழைநீர்க் குழியைத் திறப்பது, மே முதல் ஞாயிறு. சம்ப் மூடியின் ரப்பர், ஜூன். தனியாக இருக்கும் பெரியவர்களின் பட்டியலும் மருந்தும், செப்டம்பர். தெரு வடிகால் பற்றி மாநகராட்சிக்கு மனு, ஜூலையிலேயே, நகலோடு. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வீட்டு எண்.

சுவரில் அந்தக் கோட்டை மறுபடி போட்டீர்களா?

போட்டோம். காவலாளி ஊருக்குப் போய்விட்டார், 2015-ன் சரியான உயரம் யாருக்கும் நினைவில்லை. முதல் மாடி அம்மாவின் பழைய போனில் ஒரு படம் கிடைத்தது. அதில் தண்ணீர் தபால் பெட்டிகளின் இரண்டாவது வரிசையைத் தொட்டு நின்றது. பெட்டிகள் அதே இடத்தில்தான் இருக்கின்றன. டேப் வைத்து அளந்து, ஒரு கோடு 2015-க்கு, அதற்கு ஒரு சாண் கீழே இன்னொன்று 2023-க்கு. சிவப்பு எனாமல். அடுத்த பெயின்ட் வேலைக்கான ஒப்பந்தத்தில், இந்த இரண்டு கோட்டின் மேலும் பெயின்ட் படக் கூடாது என்று ஒரு வரி சேர்த்திருக்கிறோம்.